ரிஸ்பாள் பாறையில் ஏன் உட்கார்ந்தாள்? யாரும் பிரசங்கிக்காத வேதப்பகுதிகள்

பம்பலப்பிட்டி_வாசகி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்கும் அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு வாசித்து வருகிறேன். ஆதியாகமத்தில் வேகமாக ஓடி, லேவியராகமத்தில் தள்ளாடி, ஒரு மாதிரி 2 சாமுவேல் 21 வரை வந்து அங்கேயே நின்றுவிட்டேன். அட்டவணை பிந்துகிறது, பரவாயில்லை.

கதை மறந்தவர்களுக்குச் சுருக்கமாக. தாவீதின் காலத்தில் மூன்று வருடம் தொடர்ந்து பஞ்சம். தாவீது கர்த்தரிடம் கேட்கிறான். தாவீதுக்கு முன் ராஜாவாக இருந்த சவுல் கிபியோனியரைக் கொன்றதுதான் காரணம் என்று பதில் வருகிறது. தாவீது கிபியோனியரைக் கூப்பிட்டு உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்க, வெள்ளியும் பொன்னும் வேண்டாம், சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கொடு, தூக்கிலிடுகிறோம் என்கிறார்கள். ராஜா கொடுக்கிறான். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள், ஐந்து பேர் சவுலின் மகளுடைய பிள்ளைகள். வாற்கோதுமை அறுவடை தொடங்கும் நேரம் அது. ரிஸ்பாள் இரட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையில் விரித்து உட்காருகிறாள். வானத்திலிருந்து மழை பெய்யும்வரை பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அந்த உடல்களை நெருங்க விடவில்லை. அவ்வளவுதான், ஒரே ஒரு வசனம், அதிலும் அவள் ஒரு வார்த்தை பேசுவதாக எழுதியில்லை.

சின்ன வயதிலிருந்து ஞாயிறு பாடசாலைக்குப் போனவள் நான். தாவீதும் கோலியாத்தும் எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது, இந்தத் தாயைப் பற்றி ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை. என்னுடைய கேள்வி இதுதான்: அந்த ஏழு பேரின் உயிரைக் கடவுளா கேட்டார்? அப்படியென்றால் எனக்கு இந்த அதிகாரம் செரிக்கவில்லை. இல்லையென்றால் பஞ்சம் எப்படி நின்றது? விளங்கியவர்கள் சொல்லுங்கள். "அது பழைய ஏற்பாடு, விடுங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது எங்கள் சபையிலேயே கிடைத்துவிட்டது.

முகத்துவாரம்_பெடியன்

அக்கா இப்படி ஒரு ஆள் பைபிளில் இருப்பதே இப்போதுதான் தெரியும் 😅 வாசித்துவிட்டு வருகிறேன்.

தெஹிவளைக்காரன்

சகோதரி, நல்ல கேள்வி. ஆனால் வசனம் தெளிவாகத்தான் இருக்கிறது. முதலாம் வசனத்திலேயே சவுலுக்காகவும் "இரத்தப்பழி சுமந்த அவன் வீட்டாருக்காகவும்" என்ற கருத்து வருகிறது. வீட்டாரும் பழிக்கு உட்பட்டவர்கள். எண்ணாகமம் 35:33 பாருங்கள், தேசத்தில் சிந்தப்பட்ட இரத்தத்துக்கு இரத்தம்தான் நிவிர்த்தி. நமக்குக் கொடூரமாகத் தெரியலாம், ஆனால் நம்முடைய மனதுக்குப் பிடிப்பது பிடிக்காதது வைத்து வேதத்தை அளக்க முடியாது. யோசுவா 9-இல் இஸ்ரவேலர் கிபியோனியருக்குக் கர்த்தருடைய நாமத்தில் கொடுத்த ஆணையைச் சவுல் மீறினான், அதற்கு விலை கொடுக்கப்பட்டது. மழையும் பெய்தது. 10ஆம் வசனம்.

பழையஏற்பாட்டு_அங்கிள்

வாசகி மகள், இந்த அதிகாரத்தில் நின்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதுதான், நிற்க வேண்டிய இடம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், வெள்ளவத்தையில் இருக்கிறேன், நேரம் நிறைய இருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் புதிராக வரும் பகுதியில் "இதற்குள் என்ன இரகசியம் ஒளிந்திருக்கிறது" என்று தோண்டுவதற்கு முன்னால், யார் யாரிடம் எதைக் கேட்டார்கள், எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிப் பார்ப்பது என் பழக்கம். இந்த அதிகாரத்தில் அப்படி எழுதிப் பாருங்கள். தாவீது கர்த்தரிடம் கேட்கிறான்: ஏன் பஞ்சம்? கர்த்தர் பதில் சொல்கிறார். அடுத்த கேள்வி, இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது. அதைத் தாவீது கர்த்தரிடம் கேட்கவில்லை! கிபியோனியரிடம் கேட்கிறான். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு, கொடுக்கிறேன் என்று ஒரே மூச்சில் ஒத்துக்கொள்கிறான். இது தாவீதின் வழக்கமும் இல்லை. 5ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தருக்கு எதிராகப் போகலாமா என்று கேட்கிறான், பதில் வருகிறது. அவர்கள் மறுபடி வந்தபோது மறுபடியும் கேட்கிறான், இந்த முறை நேராகப் போகாதே, பின்னால் சுற்றிப் போ என்று வழியே சொல்லிக் கொடுக்கப்படுகிறது. சண்டைக்கு எந்தப் பக்கத்தால் போவது என்றுகூடக் கேட்கிறவன், ஏழு பேரைக் கொல்வதா என்று கேட்கவில்லை. இது வேதத்தில் எழுதியிருக்கிறது, என் கற்பனை இல்லை.

இரண்டாவது, உபாகமம் 21:22-23. மரத்தில் தூக்கப்பட்டவனின் உடலை இரவு முழுக்க அங்கே விடக்கூடாது, அன்றைக்கே அடக்கம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தேசம் தீட்டுப்படும். இங்கே எத்தனை இரவுகள் போயின? வாற்கோதுமை அறுவடை அந்த நாட்டில் ஏப்ரல், மே. வழக்கமான முதல் மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். இடையில் பருவம் தப்பி ஒரு மழை பெய்திருக்கலாம், எவ்வளவு காலம் என்று வேதம் எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு இரவைத் தாண்டியது நிச்சயம்.

இன்னொன்று. யோசுவா 10-ஐ எடுத்துப் பாருங்கள். கிபியோனியரைக் காப்பாற்றத்தான் அந்தப் போரே நடந்தது, சூரியன் நின்ற போர். அதில் பிடிபட்ட ஐந்து ராஜாக்களை யோசுவா மரத்தில் தூக்குகிறான். சூரியன் அஸ்தமிக்கும் நேரம் இறக்கச் சொல்கிறான். பகைவரின் ராஜாக்களுக்கே அந்த மரியாதை கிடைத்தது. அதே கிபியோனியருக்காகச் சொந்த ராஜவம்சத்துப் பிள்ளைகள் தொங்கும்போது இறக்க ஒருவரும் வரவில்லை.

மூன்றாவது, பஞ்சம் எப்போது நின்றது என்ற உங்கள் கேள்வி. ஏழு பேரும் செத்தது 9ஆம் வசனம். தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டார் என்பது 14ஆம் வசனம். இடையில் என்ன இருக்கிறது? ரிஸ்பாள். அவள் செய்ததை யாரோ தாவீதுக்குச் சொல்கிறார்கள், அவன் எழுந்து யாபேஸ் கீலேயாத்துக்குப் போய்ச் சவுல், அவன் மகன் யோனத்தான் எலும்புகளை எடுத்து வருகிறான், தூக்கப்பட்டவர்களின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன, சவுலின் தகப்பன் கீஸின் கல்லறையில் அடக்கம் நடக்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை வருகிறது. எழுதியவர் விரும்பியிருந்தால் 9ஆம் வசனத்தோடு அதை எழுதி முடித்திருக்கலாம்.

தெஹிவளைக்காரன்

அங்கிள், மதிப்போடுதான் கேட்கிறேன். மழை 10ஆம் வசனத்தில் வந்துவிட்டதே? அடக்கம் பிறகுதானே? மழை வந்தால் பஞ்சம் முடிந்தது என்றுதானே அர்த்தம். உங்கள் மூன்றாவது விஷயம் அங்கே இடிக்கிறது.

பழையஏற்பாட்டு_அங்கிள்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. இதற்கு நான் யோசித்து வைத்திருப்பது: 10ஆம் வசனத்தில் மழை ஒரு கால எல்லையாக வருகிறது, அவள் எதுவரை இருந்தாள் என்று சொல்ல. அந்த மழையைக் கடவுளின் பதில் என்று அந்த வசனம் சொல்லவில்லை. கடவுள் பதில் கொடுத்தார் என்று சொல்லப்படுவது 14இல் மட்டும். மழையே பதில் என்றால் 14இன் கடைசி வரி தேவையில்லை. ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரியும் வாசிக்கலாம், பல விளக்கவுரைகள் அப்படித்தான் வாசிக்கின்றன. என் வாசிப்பில் ஒரு நெருடல் இருக்கிறது, அது இருக்கட்டும்.

எண்ணாகமம் 35:33-ஐ முழுவதும் வாசித்தீர்களா? சிந்தினவனுடைய இரத்தத்தினால்தான் நிவிர்த்தி என்று இருக்கிறது. சிந்தினவன் சவுல். அவன் கில்போவா மலையில் ஏற்கெனவே செத்துவிட்டான்.

பம்பலப்பிட்டி_வாசகி

யோசுவா 10 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது அங்கிள். இரண்டு அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்தேன்.

தெஹிவளை அண்ணா, "வீட்டாரும் பழிக்கு உட்பட்டவர்கள்" என்று நீங்கள் சொன்னதில்தான் எனக்குப் பயம். சில வருடங்களுக்கு முன் காலி வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு அம்மாவோடு போனேன், எந்தக் கூட்டம் என்று சொல்லவில்லை. இதே அதிகாரத்தை வாசித்துத்தான் பேசினார்கள், ஆனால் மூன்றாவது வசனத்தோடு நிறுத்திவிட்டு, உங்கள் குடும்பத்தில் தாத்தா செய்த பாவம் இன்றைக்குக் கடனாக, நோயாக நிற்கிறது, சாபத்தை முறிக்கக் காணிக்கை வையுங்கள் என்று ஒரு மணி நேரம். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போனார். ரிஸ்பாளின் பெயரை யாரும் சொல்லவில்லை. அவளுக்கு முந்திய வசனங்கள் வரைக்கும் வந்து திரும்பிவிட்டார்கள்.

தெஹிவளைக்காரன்

அதை நான் ஆதரிக்கவே மாட்டேன் சகோதரி. உபாகமம் 24:16, பிள்ளைகளுக்காகப் பிதாக்களும் பிதாக்களுக்காகப் பிள்ளைகளும் கொலைசெய்யப்படக்கூடாது. எசேக்கியேல் 18 முழு அதிகாரமும் அதுதான். கர்த்தரே "வீட்டார்" என்று சொன்னதால், அந்த ஏழு பேரில் சிலர் அந்தக் கொலையில் பங்கெடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அப்படியென்றால் அது தகப்பன் பாவத்துக்கான தண்டனை ஆகாது, தங்கள் சொந்தப் பாவத்துக்கானது.

பழையஏற்பாட்டு_அங்கிள்

இருக்கலாம். ஆனால் அந்த ஏழு பேர் கையில் இரத்தம் இருந்தது என்று வேதம் சொல்லவில்லை. கிபியோனியர் ஏழு பேர் வேண்டும் என்றுதான் கேட்டார்கள், குற்றவாளிகள் வேண்டும் என்று கேட்கவில்லை. யாரைக் கொடுப்பது, யாரை விடுவது என்று தாவீது தெரிவு செய்கிறான். யோனத்தானின் மகன் மேவிபோசேத்தை, யோனத்தானோடு செய்த ஆணையின் காரணமாக விட்டுவிடுகிறான். குற்றத்தைப் பார்த்துத் தெரிவு நடந்த மாதிரித் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன உபாகமம் 24:16-ஐப் பிற்காலத்தில் ஒரு ராஜா நிஜமாகவே கைக்கொண்டான், அமத்சியா, 2 இராஜாக்கள் 14:6. தகப்பனைக் கொன்றவர்களைக் கொன்றான், அவர்களுடைய பிள்ளைகளை விட்டான். தாவீதோடு ஒப்பிட்டால் அமத்சியா யாருக்கும் ஞாபகம் இல்லாத ராஜா. இந்த ஒரு விஷயத்தில் தாவீதை விட நன்றாக நடந்திருக்கிறான்.

கணக்கு_மாஸ்டர்

எல்லாரும் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஏழு பேர்! ஏழு என்பது பூரண எண். மூன்று வருடப் பஞ்சம், மூன்றும் ஏழும் பத்து, பத்துக் கட்டளை. இதையே யோவான் 21:11-இல் 153 மீனோடு வையுங்கள். 1 முதல் 17 வரை கூட்டினால் 153. 17 என்பது 10ம் 7ம். பரிசுத்த அகுஸ்தீனார் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கிறார், பத்துக் கட்டளை, ஆவியின் ஏழு வரங்கள். வேதத்தில் ஒரு எண்ணும் சும்மா இல்லை.

முகத்துவாரம்_பெடியன்

மாஸ்டர், கணக்கு சரி, ஆனால் மீனைப் பற்றி நான் ஒன்று சொல்லட்டுமா. எங்கள் அப்பாவும் அவருடைய அப்பாவும் கடலுக்குப் போனவர்கள். வலை கரைக்கு வந்தால் முதல் வேலை எண்ணுவதுதான், பெரிய மீன் என்றால் கட்டாயம் எண்ணித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் பங்கு பிரிக்க வேண்டும். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. எண்ணாமல் விட்டால் சாயங்காலம் சண்டை. அந்த வசனத்தில் "பெரிய மீன்கள்" என்றுதான் இருக்கிறது. நான் அதை வாசிக்கும்போது எனக்குத் தெரிகிறது என்னவென்றால், உயிர்த்த ஆண்டவர் கரையில் நெருப்பு மூட்டி அப்பமும் மீனும் வைத்துக்கொண்டு இருக்கிறார், இவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து மீன் எண்ணுகிறார்கள் 😂 தொழில்காரன் தொழில்காரன்தான். அந்தச் சம்பவத்தைக் கண்ணால் கண்டவன் சொன்னது என்று நான் நம்புவதற்கே அந்த எண்தான் காரணம்.

படகில் ஏழு பேர், 21:2 எண்ணிப் பாருங்கள். 153-ஐ ஏழால் வகுத்தால் மீதி ஆறு வரும். அந்த ஆறு மீனுக்கு என்ன நடந்தது என்று மாஸ்டர்தான் சொல்ல வேண்டும்.

கணக்கு_மாஸ்டர்

ஆறு மனிதனின் எண். 😐

முகத்துவாரம்_பெடியன்

சரி மாஸ்டர், நீங்கள் வென்றீர்கள்.

வார்ட்_அக்கா

இரவு வேலை முடிந்து வந்து வாசிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் கத்தோலிக்கப் பெண், கொட்டாஞ்சேனை. எங்கள் ஞாயிறு பூசை வாசகங்களில் இந்தப் பகுதி வருவதே இல்லை, கிழமை நாள் வாசகங்களிலும் சாமுவேல் ஆகமத்தில் 18க்குப் பிறகு 24க்குத் தாவிவிடும். அதனால் எனக்கும் இது புதிது. எங்கள் ஆட்கள் கேட்டால் உடனே சிலுவையடியில் நின்ற மாதாவோடு ஒப்பிட்டுவிடுவார்கள். அது தப்பில்லை, ஆனால் அவ்வளவு வேகமாக மாதாவிடம் போய்விட்டால் இந்தத் தாயைப் பார்க்காமலே கடந்துவிடுவோம்.

நான் தாதி. இறந்த உடலைக் கழுவியிருக்கிறேன், கட்டியிருக்கிறேன். கொழும்பு வெயிலில் ஒரு நாள் தாமதமானாலே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாசகி தங்கச்சி "ஒரே ஒரு வசனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வசனத்துக்குள் நாற்றம் இருக்கிறது, ஈ இருக்கிறது, முகம் அடையாளம் தெரியாமல் போவது இருக்கிறது. இரண்டு பேர் அவள் பெற்ற பிள்ளைகள். மற்ற ஐந்து பேர் வேறொருத்தியின் பிள்ளைகள், ஆனால் அவள் ஏழு பேரையும்தான் காத்தாள், தன் பிள்ளைகளுக்கு மட்டும் பறவை விரட்டினாள் என்று எழுதவில்லை. இரவில் மிருகம் என்றால் அவள் எப்போது தூங்கினாள்? இரவு வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

இது மாதிரிச் சின்ன விஷயத்துக்காக எனக்குப் பிடித்த இன்னொரு பகுதி, எரேமியா 38. எரேமியாவைத் துரவில் இறக்கிவிட்டார்கள், தண்ணீர் இல்லை, சேறு. அரண்மனையில் வேலை செய்த எத்தியோப்பியன் எபெத்மெலேக்கு ராஜாவிடம் அனுமதி வாங்கி, முப்பது ஆட்களோடு தூக்கப் போகிறான். போகிற வழியில் பொக்கிஷ அறையின் கீழே நின்று கந்தல் துணியும் பழைய துணியும் பொறுக்கி எடுத்து, கயிற்றில் கட்டிக் கீழே விட்டு, இதைக் கமுக்கட்டில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறான். பசியில் மெலிந்தவரைக் கயிற்றால் இழுத்தால் தோல் உரிந்துவிடும். நோயாளியைத் தூக்கிப் பழகியவனுக்குத்தான் அந்த யோசனை வரும். காப்பாற்றினான் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், கந்தல் துணிக்கு இரண்டு வசனம் செலவழித்திருக்கிறார்கள்! நான் இதற்குள் பெரிய இரகசியம் தேடுவதில்லை, எனக்கு அந்தக் கந்தல் துணி போதும்.

பம்பலப்பிட்டி_வாசகி

ஏழு பேரையும் காத்தாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை அக்கா.

மாளிகாவத்தை_அயலவன்

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். எனக்கு இந்த அதிகாரம் 2020-இல்தான் கண்ணில் பட்டது. அந்த வருடம் கோவிட்டில் இறந்தவர்கள் எல்லாரையும் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது ஞாபகம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொன்ன பிறகும் விடவில்லை. என்னைச் சுற்றி எல்லாம் முஸ்லிம் வீடுகள். பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை டிசம்பரில் பெற்றோரின் விருப்பத்தை மீறி எரித்தார்கள். அதற்குப் பிறகு பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணியைக் கட்டத் தொடங்கினார்கள். முஸ்லிம்கள் இறந்தவரைச் சுற்றும் கஃபன் துணியை நினைவுபடுத்த. முஸ்லிம்கள் மட்டுமில்லை, சிங்களவர், தமிழர், குருமார் எல்லாரும் கட்டினார்கள். நானும் ஒரு துண்டு கட்டினேன். கோஷம் ஒன்றும் போடவில்லை, கட்டிவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை இரவில் வேதம் வாசிக்கும்போது தற்செயலாக இரட்டுத் துணியைப் பாறையில் விரித்தவள் வந்தாள். உடலுக்கு என்ன நடக்க வேண்டும் என்று ராஜா தீர்மானித்துவிட்டான், அவளிடம் அதிகாரம் ஒன்றும் இல்லை, இருந்தது ஒரு துணி. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, அதுவும் கொழும்பில் இல்லை, கிழக்கே ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் கூடப் போகக்கூட எத்தனை கட்டுப்பாடு.

அங்கிள் சொன்ன உபாகமம் 21 எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் எங்கள் சபையில் எழுந்து வாசித்திருப்பேன். அந்த மாதங்களில் எங்கள் பிரசங்க மேடையில் இதைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

நிர்வாகி

நண்பர்களே, இழை நன்றாகப் போகிறது, ஆனால் இது வேதப்பகுதிகளைப் பற்றிய பகுதி. நாட்டு அரசியலுக்கு வேறு பகுதி இருக்கிறது. தயவுசெய்து வேதத்தோடு நில்லுங்கள்.

பழையஏற்பாட்டு_அங்கிள்

நிர்வாகித் தம்பி, வேதத்தோடு நின்றால் அரசியலோடு தான் நிற்க வேண்டி வரும், இந்த அதிகாரத்தில் வேறு வழியில்லை. ரிஸ்பாள் யார்? சவுலின் மறுமனையாட்டி. 2 சாமுவேல் 3-இல் சவுல் செத்த பிறகு படைத்தலைவன் அப்னேர் இவளிடம் போனான் என்று அவனுக்கும் சவுலின் மகன் இஸ்போசேத்துக்கும் சண்டை வந்து, அந்தச் சண்டையால்தான் அப்னேர் கட்சி மாறித் தாவீது பக்கம் வந்தான். இரண்டு ஆண்கள் அதிகாரத்துக்கு அடிபட்டபோது நடுவில் இவள் பெயர், அங்கேயும் அவள் வாய் திறக்கவில்லை. ஏழு பேர் செத்ததால் யாருக்கு இலாபம் என்று பாருங்கள். சிங்காசனத்துக்கு உரிமை கேட்கக்கூடிய சவுல் வம்சத்து ஆண்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டார்கள், மீதி இருப்பது இரண்டு காலும் முடமான மேவிபோசேத். 16ஆம் அதிகாரத்தில் சீமேயி கல்லெறிந்துகொண்டே தாவீதைப் பார்த்து, இரத்தப் பிரியனே, சவுல் வீட்டாரின் இரத்தப்பழி உன்மேல் திரும்பியது என்று கத்துகிறான். ஊரில் சிலர் அப்படித்தான் கதைத்தார்கள் என்று அதில் தெரிகிறது. தாவீது திட்டமிட்டுச் செய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. வேதம் அந்தச் சந்தேகத்தை அழித்துவிடாமல் எழுதி வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நிர்வாகி

சரி அங்கிள், விளங்குகிறது. கட்சிப் பெயர் மட்டும் வேண்டாம்.

தெஹிவளைக்காரன்

தாவீதைப் பற்றி அப்படிச் சந்தேகப்படுவது எனக்குச் சம்மதம் இல்லை. அவன் பாவம் செய்தபோது வேதம் நேராகச் சொல்லியிருக்கிறது, பத்சேபாள் விஷயத்தில் நாத்தான் வந்தான், சனத்தொகை எண்ணிய விஷயத்தில் காத் வந்தான். இங்கே ஒரு தீர்க்கதரிசியும் வந்து கண்டிக்கவில்லையே?

வார்ட்_அக்கா

அவளே வந்திருக்கிறாளே தம்பி.

முகத்துவாரம்_பெடியன்

🔥

வன்னிக்காத்து

நான் இங்கே வாசிப்பேன், எழுதுவது குறைவு. கொழும்பில் வேலை, ஊர் கிளிநொச்சிப் பக்கம். என் பெரியம்மாவும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரியில் அங்கே கந்தசுவாமி கோவில் முன்னால் தொடங்கிய போராட்டக் கொட்டிலில் இருந்தவர்களில் ஒருவர். மகனின் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு. அவர் சைவம், நாங்கள் கலியாணத்தால் கிறிஸ்தவம், ஆனால் பைபிள் கதை சொன்னால் கேட்பார். நேற்று போனில் இந்த ரிஸ்பாள் கதையை முழுக்க வாசித்துக் காட்டினேன், அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

கேட்டுவிட்டு, "அவளுக்கு உடம்பாவது இருந்திச்சே" என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நிர்வாகி அண்ணா, இது அரசியல் என்றால் அழித்துவிடுங்கள்.

நிர்வாகி

அழிக்க மாட்டேன் தம்பி.

மாளிகாவத்தை_அயலவன்

காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒன்று வந்து எத்தனை வருடம். அந்தக் கொட்டில்களில் இருந்த பெற்றோர்கள் பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். இது வடக்கின் கதை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 1984-இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி, 1990-இல் தெற்கே சிங்களத் தாய்மார் அதே பெயரில். தாய்மாருக்கு மொழி வேறு, இருந்த பாறை ஒன்று.

பழையஏற்பாட்டு_அங்கிள்

வன்னிக்காத்துத் தம்பி, உங்கள் பெரியம்மா சொன்னதற்குப் பிறகு 14ஆம் வசனத்தை மறுபடி வாசித்தேன். நான் மேலே சும்மா தாண்டிப்போன ஒன்று இருக்கிறது. 13ஆம் வசனத்தில் தூக்கப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்தார்கள் என்று வருகிறது. 14இல் அடக்கம் என்று வரும்போது சவுல், யோனத்தான் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன. ரிஸ்பாளின் பிள்ளைகள் அர்மோனியும் இன்னொரு மேவிபோசேத்தும் எங்கே அடக்கம் பண்ணப்பட்டார்கள் என்று எபிரெய வேதம் சொல்லவில்லை. பழைய கிரேக்க வேதாகமத்தில், செப்துவஜிந்தில், தூக்கப்பட்டவர்களும் அந்த அடக்கத்தில் சேர்த்துச் சொல்லப்படுகிறார்கள். எது மூலம் என்று அறிஞர்கள் வாதிடட்டும். இவ்வளவு நாள் காத்தவளின் பிள்ளைகளைப் பற்றி அந்த வசனத்தில் ஒரு சொல்லும் இல்லாததை வாசித்தவர்கள் அன்றைக்கே கவனித்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் படுகிறது.

கணக்கு_மாஸ்டர்

இதற்கு என்னிடம் எண் ஒன்றும் இல்லை.

பம்பலப்பிட்டி_வாசகி

என்னுடைய முதல் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்வி மாறிவிட்டது. கடவுளா ஏழு பேரைக் கேட்டார் என்று தொடங்கினேன். இப்போது அதை விட, தாவீது ஏன் கேட்காமல் விட்டான் என்பதுதான் என்னைக் குடைகிறது. பதில் தெரிந்துவிடும் என்ற பயமா? பஞ்சம் மூன்று வருடமாக நடக்கும்போது, சனங்கள் வாசலில் நிற்கும்போது, ஒரு குழு வந்து இவ்வளவுதான் விலை என்று சொன்னால், கொடுத்து முடித்துவிடலாம் என்று ஆட்சியில் இருக்கிற எவருக்கும் தோன்றும். கொடுக்கப்படுவது தன் பிள்ளைகள் இல்லையென்றால் இன்னும் சுலபம்.

வெள்ளிக்கிழமை வீட்டுக் கூடுகையில் இந்த முறை பாடம் எடுப்பது என் முறை. இதைத்தான் எடுக்கப் போகிறேன். கந்தல் துணியை வேண்டுமானால் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம், அக்காவின் பெயரைச் சொல்லித்தான் சொல்வேன். அம்மாவும் வருகிறார், அன்றைக்கு மண்டபத்தில் மூன்றாவது வசனத்தோடு நிறுத்தியதை அவருக்குப் பதினாலு வரை வாசித்துக் காட்ட வேண்டும்.

தெஹிவளைக்காரன்

சகோதரி, தாவீது விஷயத்தில் நான் இன்னும் உங்கள் எல்லாரோடும் ஒத்துப்போகவில்லை, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். "இரத்தப்பழி சுமந்த வீட்டார்" என்பதற்கு அங்கிள் சரியான பதில் சொல்லவில்லை. ஆனால் பாடம் எடுக்கும்போது உபாகமம் 24:16-ஐயும் எசேக்கியேல் 18-ஐயும் கட்டாயம் வாசியுங்கள், சங்கிலி கழற்ற வருகிறவர்கள் வேறு ஆட்களும் இருக்கலாம்.

பழையஏற்பாட்டு_அங்கிள்

உண்மை தம்பி, சொல்லவில்லை, என்னிடம் இல்லை.

முகத்துவாரம்_பெடியன்

அடுத்தது எலிசாவும் கரடியும் எடுப்போமா? மொட்டைத் தலையா என்று கேலி செய்த நாற்பத்திரண்டு பிள்ளைகளை இரண்டு கரடி பீறிப்போட்டது. எங்கள் ஞாயிறு பாடசாலை டீச்சர் அதை வைத்துத்தான் எங்களை அமைதியாக வைத்திருந்தார்.

பழையஏற்பாட்டு_அங்கிள்

எடுக்கலாம். வருவதற்கு முன்னால் அது எந்த ஊரில் நடந்தது என்று பார்த்துவிட்டு, 1 இராஜாக்கள் 12-இல் அந்த ஊரில் யார் எதைக் கட்டி வைத்தான் என்று வாசித்துவிட்டு வாருங்கள். புதிய இழை தொடங்குங்கள், இது ரிஸ்பாளின் இழை.